முதல், கரு, உரி: எல்லையோரப் பிள்ளைகள் வரையும் ஊர்ப்படம்



பிள்ளைகளைத் தங்களுக்குப் பழகிய இடங்களை வரையச் சொல்வது பற்றியும், அந்தப் படத்தின் வழியே அவர்கள் மனத்தில் கிடப்பது வெளியே வருவது பற்றியும் இன்று பேசப் போகிறேன். என் மனத்தில் இருக்கும் நிலம் இரண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம்: கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம். மற்றொன்று இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு மலை: மூணாறு, மறையூர், வட்டவடை, சின்னக்கானல், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. இரண்டிலும் வீட்டுக்குள் தமிழ், பஸ்ஸின் பலகையில் மலையாளம். இரண்டிலும் பத்து நிமிடம் நடந்தால் வேறு மாநிலம் வந்துவிடும் ஊர்கள் உண்டு.

இந்த நிலங்களை வரைந்தவர்கள் பலர். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரு படை அதிகாரிகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தார்கள். 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைப் பெற்றபோது சிகரமும் ஓடையுமாக எல்லை சொல்லிப் பத்திரம் எழுதினார்கள். சித்தூர் 1949 வரை கொச்சி அரசின் நிலம். அதைச் சுற்றியிருந்த பாலக்காடோ சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. ஒவ்வொரு கோடும் ஏதோ ஒரு தேவைக்காகப் போடப்பட்டது. அந்தக் கோட்டின் மேல் குடியிருந்தவர்களிடம், உங்களுக்கு இந்த இடம் எப்படி இருக்கிறது என்று எந்த வரைபடமும் கேட்கவில்லை.

பிள்ளையின் படத்தில் மாநில எல்லை பெரும்பாலும் இருக்காது. செக்போஸ்ட் இருக்கும். அங்கே நிற்கும் லாரிகளின் வரிசை இருக்கும், போலீஸ்காரரின் தொப்பி இருக்கும், டீக்கடை இருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் பாட்டி வீடு இருக்கும். 2020-இல் கொரோனாக் காலத்தில் வாளையாறிலும் குமுளியிலும் வழியை அடைத்தபோதுதான் நம் பிள்ளைகளில் பலருக்கு எல்லை என்பது ஒரு பொருளாகவே கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு வரைந்த படங்களில் செக்போஸ்ட் பெரிதாகிவிட்டது.

இந்தப் பெரிதாவதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை வீட்டை முன்பக்கமாக வரையும். வழியை ஒரு கயிறுபோல இழுத்து, வழியில் பார்த்ததையெல்லாம் அதில் தொங்கவிடும். ஒன்பது, பத்து வயதில்தான் மேலிருந்து பார்ப்பதுபோல வரையும் பார்வை மெல்ல வருகிறது. பிள்ளைகளோடு வரைபடம் செய்வதைப் பற்றி டேவிட் சோபல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1998-இல் எழுதிய நூலும் இந்த வளர்ச்சியையே அடிப்படையாகக் கொண்டது: முதலில் வீடும் முற்றமும், பிறகு தெருவும் காடும், அதற்கும் பிறகுதான் ஊரும் உலகமும். நம் வகுப்பில் நடப்பது இதற்கு நேர்மாறு. இந்திய வரைபடத்தையும் கேரள வரைபடத்தையும் சுவரில் மாட்டிவிட்டு, பள்ளிக்கு வரும் வழியைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

வழியை வரையச் சொன்னாலும், பேப்பர் மேசைக்கு வந்தவுடன் சிவப்புப் பேனா எழுந்துவிடுகிறது. நாய் கோயிலை விடப் பெரிதாக இருக்கலாமா? வடக்கு எங்கே? ஆற்றுக்கு நீல நிறம் எங்கே? இவை கற்பிக்க வேண்டியவைதாம். திசையும் அளவும் குறியீடும் தெரியாமல் பிள்ளை வளரக் கூடாது. ஆனால் அதற்கு இரண்டாவது பேப்பர் இருக்கிறது. முதல் பேப்பரில் நாய் கோயிலை விடப் பெரிதாக இருந்தால், காலையும் மாலையும் அந்த நாயைத் தாண்டித்தான் அந்தப் பிள்ளை போகிறது என்று பொருள். அளவு தவறிய இடத்தில்தான் செய்தி இருக்கிறது. அதைத் திருத்திவிட்டால் நம் கையில் மிஞ்சுவது சர்வேத் துறையிடம் ஏற்கெனவே இருக்கும் படம்.

உணர்ச்சியைப் பற்றிப் பேச இப்போது பள்ளிகளில் வேறொரு வழியும் வந்திருக்கிறது. சிரித்த முகம், அழுத முகம், கோப முகம் என்று மஞ்சள் வட்டங்களை ஒரு சார்ட்டில் ஒட்டி, இன்று நீ எது என்று கேட்பது. நல்ல எண்ணத்தில் செய்கிறார்கள். ஆனாலும் "உன் மனசுல என்ன இருக்கு?" என்று நேராகக் கேட்டால் நம் பிள்ளை "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றுதான் சொல்லும். பெரியவர்களும் அதைத்தான் சொல்வோம். உணர்ச்சிக்கு ஓர் இடமும் ஒரு நேரமும் கொடுத்தால்தான் அது பேசும்.

இதைத் தொல்காப்பியர் தெளிவாக வைத்திருக்கிறார். பொருளதிகாரத்தில் ஒவ்வொரு திணைக்கும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்று. நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, செய்தொழில் ஆகியவை கரு. அந்த நிலத்துக்கு உரிய மனநிலை உரி. நாம் இதை ஐந்து வரிசை, மூன்று பத்தி கொண்ட அட்டவணையாக்கி மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்ய வைத்துவிட்டோம். இந்த மூன்றையும் கேள்விகளின் வரிசையாகக் கையில் எடுத்துப் பாருங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் எந்த இடம், எந்த மாதம், என்ன நேரம் என்று மட்டும் கேளுங்கள். பிறகு, அங்கே என்னென்ன இருக்கும், யார் யார் வருவார்கள், என்ன வேலை நடக்கும், என்ன சத்தம் கேட்கும், என்ன வாசனை வரும் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவசரமே இல்லை. முதலும் கருவும் வந்து அமர்ந்துவிட்டால் உரி தானே வந்து நிற்கும். சில நேரம் அதைச் சொல்லில் கேட்கவும் வேண்டியிருக்காது. சங்கப் பாட்டில் தலைவி வருந்துகிறாள் என்று சொல்லாமல், நண்டையும் நாரையையும் சொல்லி நிறுத்திவிடுவார்கள்; அதற்கு உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் இலக்கணம் வகுத்திருக்கிறோம். ஒரு பிள்ளை பம்புசெட் தொட்டியை வரைந்து அதன்மேல் கறுப்புக் கிரேயானை அழுத்தித் தேய்த்திருந்தால், அந்தத் தேய்ப்பு ஒரு பேச்சு. பக்கத்தில் உட்காருங்கள். பேப்பரைப் பிடுங்காதீர்கள்.

பாலக்காட்டுப் பக்கம் இதைச் செய்யும்போது பொழுதை விட்டுவிடக் கூடாது. மேற்கு மலைத்தொடரில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகன்று திறந்திருக்கும் கணவாய் அது. தென்மேற்குப் பருவத்தில் காற்று ஒரு பக்கம், மார்கழியில் மறுபக்கம். எருத்தேம்பதியில் மார்ச் மாதத்தில் ஒரு படமும் ஜூலையில் ஒரு படமும் வரையச் சொல்லுங்கள். வரப்பில் நிற்கும் பனை மாறாது. மார்ச் படத்தில் வாய்க்கால் வெறும் பள்ளமாக இருக்கும், டேங்கர் லாரி நிற்குமிடம் வந்திருக்கும், அதன் முன்னால் குடங்கள் வரிசையாக இருக்கும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் கேரளத்துக்கு வந்து சேர வேண்டும் என்று செய்தித்தாள் எழுதும். பிள்ளையின் படத்தில் அந்த எண் குடங்களின் வரிசைதான். அந்த வரிசையில் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் நடந்த சண்டை அதற்குத் தெரியும். மறுநாள் அந்த அத்தையின் மகனோடு எப்படி விளையாடுவது என்ற தவிப்பும் தெரியும். பிலாச்சிமடையில் 2000-இல் கோகோ கோலா ஆலை வந்து, கிணற்று நீர் வாயில் வைக்க முடியாமல் போய், மயிலம்மா உள்ளிட்ட எரவாளர் பெண்கள் 2002-இல் பந்தலில் உட்கார்ந்து, 2004-இல் ஆலை நின்றது. ஆலை நின்ற பிறகு பிறந்த பிள்ளைகளும் தங்கள் படத்தில் கிணற்றை வரைவார்கள். அந்தக் கிணற்றைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் உணர்ச்சி பாட்டியிடமிருந்து வந்தது. ஓர் இடத்தைப் பற்றிய உணர்ச்சி வழிவழியாக வரும் என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

மலைக்குப் போவோம். தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடான லயத்தில் வளரும் பிள்ளை வீட்டை வரையும்போது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கதவுகளைப் போட்டு, அதில் ஒன்றுக்கு மட்டும் நிறம் தீட்டும். தேயிலைச் சரிவு, கொழுந்து நிறுக்கும் இடம், மாடசாமியோ முனியாண்டியோ இருக்கும் மேடு, சர்ச், ரேஷன் கடை, அம்மா வேலை முடிந்து இறங்கி வரும் படி. இதுவரை மகிழ்ச்சியான படம். பிறகு "சொந்த ஊர் எங்கே?" என்று யாராவது கேட்பார்கள். பேப்பரின் ஓரத்தில் கயத்தாறோ சங்கரன்கோயிலோ போடியோ வந்து உட்காரும். கோயில் கொடைக்கு ஒருமுறை போய்வந்த ஊர். லயம் கம்பெனியுடையது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்பது அங்கே எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தான் பிறந்து வளர்ந்த கதவு தன்னுடையதில்லை, தன்னுடையது என்று சொல்லப்படும் ஊர் தனக்குத் தெரியாது. இந்த நிலையில் குறிஞ்சி நிலத்துப் பிள்ளைக்குப் பாலையின் உரிப்பொருளான பிரிவு வந்து சேர்ந்துவிடுகிறது. திணை மயக்கத்துக்கு இலக்கணம் இடம் தந்திருக்கிறது. ஆசிரியரும் தர வேண்டும். ஆகவே சொந்த ஊர் எது என்று கேட்காதீர்கள். வரைந்து முடித்த பிறகு, இந்தப் படத்தில் சேர்க்க வேண்டிய வேறு ஏதாவது ஊர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

உணர்ச்சிக்குப் பெயர் வேண்டுமென்றால் நம்மிடம் எட்டுப் பெயர்கள் இருக்கின்றன. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணமும் சொல்கிறது. மஞ்சள் வட்ட முகங்களில் பெருமிதத்துக்கும் மருட்கைக்கும் இடமில்லை. இளிவரலுக்கு, அதாவது நான் சிறுத்துப்போனேன் என்ற உணர்வுக்கு, இடமே இல்லை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி வராந்தாவில் அதிகம் வருவது அதுதான். மலையாளம் சரியாக வராத தமிழ்ப் பிள்ளையும், தமிழும் மலையாளமும் சரியாக வராத முதுவர், இருளர் பிள்ளையும் வாய் திறக்க நேரும் இடங்களைப் படத்தில் தேடிப் பாருங்கள்.

அச்சத்தின் நான்கு காரணங்களில் விலங்கு ஒன்று. சின்னக்கானலில் இது பழங்கதை இல்லை. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் நகரத் தெருவுக்குள் நடந்து வந்தது. ஜூன் 5 அன்று தமிழ்நாட்டு வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டது. சின்னக்கானலின் 301 காலனி என்ற குடியிருப்பின் பிள்ளை அந்த யானை வந்த வழியை வரையும். யானை போன பிறகும் வரையும். மூணாற்றில் இன்னொரு யானைக்குப் படையப்பா என்று பெயர். ரஜினி படத்தின் பெயரைச் சூட்டியவர்கள் அதை வெறுக்கவில்லை. இருட்டில் பயம், பகலில் பாசம். ஒரே இடத்தில் இரண்டு குறி. பிள்ளை இரண்டு குறி வைத்தால் எது சரி என்று கேட்காதீர்கள், இரண்டும் சரி. வனத்துறைக்கும் ஊராட்சிக்கும் அந்த இரண்டாவது குறி மிகவும் தேவைப்படும்.

பெருமிதத்தையும் தேட வேண்டும். 2015 செப்டம்பரில் தேயிலைத் தொழிலாளர் பெண்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் மூணாற்றின் சாலையில் உட்கார்ந்து, இருபது சதவீத போனஸ் கேட்டு நாட்கணக்கில் எழாமல் இருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி நிறுத்திவிட்டுத் தாங்களே பேசினார்கள். சுற்றுலாப் பயணி படம் எடுத்துப் போகும் அதே சாலை அது. அம்மா உட்கார்ந்த இடம் என்று ஒரு பிள்ளை அதைத் தன் படத்தில் குறிக்கலாம் என்ற எண்ணமே நம் பாடநூலுக்கு வரவில்லை.

பெட்டிமுடியைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அருகே நயமக்காடு எஸ்டேட்டின் லயங்கள் மேல் மலை சரிந்து எழுபது பேர் போனார்கள்; நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் போயின. அங்கும் பாடிகள் எனப்படும் எஸ்டேட் வரிசை வீடுகள் இருந்தன. இப்படிப்பட்ட இடங்களின் பிள்ளைகளிடம் அந்த இடத்தை வரை என்று எந்த ஆசிரியரும், எந்தத் தொண்டு நிறுவனமும், எந்தப் பத்திரிகையாளரும் கேட்கக் கூடாது. பிள்ளை வேறு ஏதோ வரையும். நடுவில் வெள்ளையாக விடும். அந்த வெள்ளையை நிரப்பச் சொல்லாதீர்கள். அது ஒருநாள் தானாக வரைந்தால் உடன் இருங்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் அந்தப் பள்ளிக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அரசிடம் கேளுங்கள். பருவமழை தொடங்கும்போது இரவில் தூங்காத பிள்ளைகள் இன்றும் அந்த மலையில் இருக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளின் படங்களைத் தனியாக ஒருமுறை பாருங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1970-களில் ரோஜர் ஹார்ட் பிள்ளைகளோடு கூடவே நடந்து, அவர்கள் போகும் தூரத்தையும் விரும்பும் இடத்தையும் பயப்படும் இடத்தையும் பதிவு செய்தார். 1979-இல் வந்த அவர் நூலில், பெண்பிள்ளைகள் தனியாகப் போக அனுமதிக்கப்பட்ட தூரம் ஆண்பிள்ளைகளுடையதை விடக் குறைவு என்ற செய்தி இருக்கிறது. நம் ஊரில் சொல்லவே வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் ஆறு வரை போன சிறுமியின் படம், ஏழாம் வகுப்பில் குழாயடி, கடை, அங்கன்வாடி என்று சுருங்கிவிடுகிறது. அங்கன்வாடிக்கு ஏன் போகிறாள்? தம்பியைக் கூட்டி வர. ஒரே பிள்ளையின் இரண்டு படங்களை அருகருகே வைத்தால் இந்தச் சுருக்கம் கண்ணில் அறையும்.

அச்சத்தின் நான்காவது காரணம் இறை என்கிறார் தொல்காப்பியர்: நம்மை ஆளும் நிலையில் இருப்பவர். படத்தில் பிள்ளை தவிர்க்கும் ஒரு வீடோ, கடையோ, பள்ளியின் ஓர் அறையோ இருந்தால், அங்கே யானையோ பேயோ இல்லாமல் ஒரு மனிதர் இருக்கக்கூடும். அப்போது ஆசிரியர் துருவித் துருவிக் கேட்கும் விசாரணை அதிகாரியாகக் கூடாது. தெரிந்த பிறகு வாய்மூடி இருக்கவும் கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், தெரிந்தவர் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. 1098 என்ற பிள்ளைகள் உதவி எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். இந்த ஆயத்தம் இல்லாத பள்ளியில் உணர்ச்சிப் படம் வரைய வைப்பதை நான் ஏற்கமாட்டேன். கதவைத் திறக்கச் சொல்லிவிட்டு, திறந்ததும் நாம் ஓடிவிடக் கூடாது.

படத்தில் பெயர்களை எந்த மொழியில் எழுதுவது என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. பிள்ளை வாயில் எப்படி வருகிறதோ அப்படி. மலைக் குடிகள் வாழும் அட்டப்பாடியிலும் இடமலக்குடியிலும் பாறைக்கும் ஓடைக்கும் இருக்கும் பெயர்கள் எந்த அரசு வரைபடத்திலும் ஏறாதவை. தமிழ் எழுத்திலோ மலையாள எழுத்திலோ அவை பேப்பரில் ஏறினால் போதும். மலையாள நாவலாசிரியர் ஓ.வி. விஜயன் தஸ்ராக் என்ற ஊரை, ஏகாத்யாபகப் பள்ளி எனப்படும் ஓராசிரியர்ப் பள்ளி ஒன்றைச் சுற்றித்தான் தம் நாவலின் கசாக்காக மாற்றினார். அப்படிப்பட்ட ஓராசிரியர்ப் பள்ளிகளைக் கேரளம் 2022-இல் மூடியபோது, மலைக் குடிகளுக்கு நடந்து போய்ப் பாடம் சொன்ன, ஒவ்வொரு ஓடையின் பெயரும் தெரிந்த ஆசிரியர்களின் அறிவையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

கேரளத்துக்கு மக்கள் வரைந்த படம் புதிதில்லை. 1990-களின் தொடக்கத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் புவி அறிவியல் ஆய்வு மையமும் சேர்ந்து, ஊர்த் தொண்டர்களையே பயிற்றுவித்து, ஊராட்சிகளின் நிலத்தையும் நீரையும் வயல் வயலாக வரைபடத்தில் ஏற்றினார்கள். 1996-இல் மக்கள் திட்டம் வந்தபோது அந்த அனுபவம் கைகொடுத்தது. அதில் பிள்ளைகளின் வழியும் பயமும் விளையாட்டிடமும் ஏறவில்லை. உவகையின் நான்கு காரணங்களில் விளையாட்டு ஒன்று என்று சொன்ன மொழி நம்முடையது. விளையாடும் இடத்தை நில வகைகளில் ஒன்றாகக் கணக்கெடுக்க நமக்குத் தோன்றவில்லை. குடும்பஸ்ரீயின் பிள்ளைகள் மன்றமான பாலசபை இன்று ஊர்தோறும் இருக்கிறது. அங்கே இந்தப் படங்கள் போகலாம்.

போவதற்கு முன் மூன்று செய்திகளை ஊராட்சி உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். படம் பிள்ளையுடையது, அது காட்டச் சொன்னால் காட்டலாம், வேண்டாம் என்றால் அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெயர் போட்டுச் சுவரில் ஒட்டக் கூடாது. பரிசும் கூடாது, ஏனென்றால் பரிசு வந்தால் அடுத்த ஆண்டு எல்லாப் பிள்ளையும் சூரியனும் தென்னை மரமும் வரையும். மூன்றாவது, பத்துப் பிள்ளைகள் ஒரே திருப்பத்தில் பயம் என்று குறித்திருந்தால், அந்தத் திருப்பத்துக்கு உறுப்பினர் நேரில் போக வேண்டும், பிள்ளை போகும் அதே நேரத்தில். மாலை ஐந்தரைக்கு, நவம்பர் மாதத்தில், மழைக்கோட்டும் புத்தகப் பையுமாக நடந்து போய்ப் பார்த்த பிறகு, அங்கே தெருவிளக்குப் போடுவதா, புதரை வெட்டுவதா, கள்ளுக்கடையை நகர்த்துவதா என்று கிராமசபையில் பேசலாம்.